ஆரத்தித் தண்ணீரை எங்கே ஊற்றுவது

பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் ஜான்சன் மெதுவாக எழுந்து வெளியே போய்விடுவார். கட்டிய புருஷனே அப்படி என்றால் விருந்தாளிகளைக் கேட்கவே வேண்டாம். பாலாற்றங்கரையில் கூடாரத்தில் தூங்கலாம், நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடலாம் என்று சென்னையிலிருந்து ஆசையாக வந்து இறங்குகிறவர்களை நிற்க வைத்து, "சாப்பிட்ட தட்டை எங்க கழுவுவீங்க? கழுவின தண்ணிய எங்க ஊத்துவீங்க?" என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? பிடிக்காவிட்டால் போகட்டும். நான் சொல்லாமல் விடமாட்டேன்.

ஓரிக்கைக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய மாந்தோப்பில்தான் எங்கள் முகாம். எங்கள் ஜனங்களில் நிலம் என்று ஒன்றை முதன்முதலில் வாங்கியவர் என் மாமனார். அவர் வைத்த மாமரங்களுக்கு நடுவேதான் இப்போது கூடாரங்கள் நிற்கின்றன. சமையலுக்கு ஒரு கொட்டகை, தண்ணீருக்கு ஒரு குழாய், கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி. அந்தக் குழியை நானும் ஜான்சனும் சேர்ந்து வெட்டினோம். அடியில் ஜல்லி, அதன்மேல் மணல், கரி, எல்லாவற்றுக்கும் மேலே தேங்காய் நார். குழாயடியில் யாரும் எதையும் கழுவக்கூடாது. தட்டில் மிச்சம் இருப்பதை முதலில் வழித்து வாளியில் போட வேண்டும். பிறகு தொட்டியில் கழுவி, அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, குழியில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். இதற்குப் போய் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். வீட்டில் சிங்க்கில் ஊற்றினால் அது சொர்க்கத்துக்குப் போகிறது என்று நினைப்பு போலிருக்கிறது.

என் கெடுபிடிக்குக் காரணம் எங்கள் ஜனங்களில் ஒருத்தியான கமலாட்சி அக்கா. தோப்புக்குக் கீழே சரிவில் அவளுடைய கீரைப் பாத்தியும் மாட்டுக் கொட்டகையும் வீடும் இருக்கின்றன. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தோப்புக்கு வரும் ஒரே வழி அவள் நிலத்தின் ஓரமாக, அவள் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. பட்டா அவள் பெயரில். வேன் வந்து போக அவள் விட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

தை மாதம் வந்த ஒரு பையன்கள் கூட்டம், பிரியாணி அண்டாவைக் கழுவி அப்படியே சரிவில் கவிழ்த்துவிட்டார்கள். அவளுடைய அரைக்கீரைப் பாத்தி முழுக்க எண்ணெய் மிதந்தது. வாசனை பிடித்து வந்த நாய்கள் மிச்சமிருந்த கீரையையும் பிறாண்டி எடுத்துவிட்டன. அன்றைக்கு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து சொன்னதை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

"இன்னொருவாட்டி உங்க அழுக்குத் தண்ணி என் பக்கம் வந்துச்சின்னா வழியில முள்ள வெட்டிப் போட்டுடுவேன். அப்பால உன் விருந்தாளிங்கள ஹெலிகாப்டர்லதான் நீ கொண்டாரணும்."

அவள் சொன்னால் செய்வாள். ஒரகடத்தில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த முகாமைத் தொடங்கியவள் நான். வழி போனால் முகாம் போச்சு. அதனால்தான் தண்ணீர் என்றால் எனக்கு அப்படி ஒரு பதற்றம்.

பங்குனி அமாவாசைக்கு முதல் நாள் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவுக் குடும்பம் வேன் நிறைய வந்து இறங்கியது. அமாவாசையன்று தறி ஓடாது. வழக்கமாகக் கோயிலுக்கோ உறவுக்காரர் வீட்டுக்கோ போகிறவர்களை இந்தத் தடவை புது மருமகள் ஜீவிதா கூடாரத்துக்கு இழுத்து வந்திருந்தாள். அவள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். மாப்பிள்ளை முத்துக்குமார், அவனுடைய அப்பா திருஞானசம்பந்தம், அம்மா மஹாலட்சுமி, மற்றபடி சித்தி, பெரியம்மா, அத்தை என்று ஒரு படை. டார்ச் விளக்கு ஒருவரிடமும் இல்லை. ஆனால் அப்பள டின் வந்திருந்தது, வெற்றிலைப் பெட்டி வந்திருந்தது, பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்றும் வந்திருந்தது.

நான் வழக்கமான என் தண்ணீர்ப் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். ஆச்சரியம் என்னவென்றால் திருஞானசம்பந்தம் ஐயா கண் கொட்டாமல் கேட்டார்.

"வடிகட்டறதா? அத எங்கக்கிட்ட விடும்மா" என்றார். "தறியில ஏத்தற பாவு நூலுக்குப் போடற கஞ்சியில ஒரு பருக்கை தங்கிச்சின்னா இழையோட இழை ஒட்டிக்கினு போவும். வடிகட்டறதுல எங்கள மிஞ்ச ஆளு கெடையாது."

எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. முதல் கூடாரத்தை நானே ஜிப்பைத் திறந்து காட்டி, புதுத் தம்பதியை உள்ளே போகச் சொன்னேன். இரண்டு பேரும் குனிந்தார்கள்.

"நில்லுங்கடா!" என்று மஹாலட்சுமி அம்மாள் ஓடி வந்தார். "கல்யாணமாகி மொதமொதல்ல வெளியூர்ல தங்கப் போறீங்க. ஆரத்தி எடுக்காம உள்ள போனா ஆச்சா?"

"அத்தை, இது டென்ட் அத்தை" என்றாள் ஜீவிதா, குனிந்தபடியே.

"டென்ட்டுக்கு வாசல் இருக்குதா இல்லியா?"

"ஜிப்தான் இருக்குது."

"அப்போ அதுதான் வாசல். ரெண்டு பேரும் கெழக்கப் பாத்து நில்லுங்க."

தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தார்கள். தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனது. வெற்றிலையின் மேல் கற்பூரம் ஏற்றி, மஹாலட்சுமி அம்மாளும் ஒரு சித்தியும் தாம்பாளத்தைப் பிடித்துச் சுற்றினார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தோம். நானும் எடுத்தேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான் என்றாலும் எங்கள் கல்யாணத்திலும் ஆரத்தி எடுத்துத்தான் வீட்டுக்குள் விட்டார்கள். நெற்றியில் பொட்டு வைத்து முடித்ததும் மஹாலட்சுமி அம்மாள் தாம்பாளத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கம்மா ஊத்தறது?"

"குழியில" என்றேன்.

"எந்தக் குழியில?"

"பாத்திரத் தண்ணி ஊத்தற குழியிலதாம்மா. இங்க எந்தத் தண்ணியா இருந்தாலும் அங்கதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதாகத் தெரிந்தது. "கண்ணு கழிச்ச தண்ணிம்மா இது. நாலு பேர் மிதிக்கற வழியில ஊத்தணும். மிதிக்க மிதிக்கத்தான் கண்ணு போவும். குழியில ஊத்தினா அங்கியே குந்திக்கினு இருக்கும்."

"எங்க குழியில மணல் இருக்குது, கரி இருக்குது. கண்ணா இருந்தாலும் வடிகட்டிடும்."

முத்துக்குமார் சிரித்துவிட்டான். அவனுடைய அம்மா சிரிக்கவில்லை. "சரிம்மா. உன் எடம், உன் சட்டம்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் தாம்பாளத்தை மூடிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். நான் நம்பிவிட்டேன். வடை சுட்ட எண்ணெய்ச் சட்டியை யாராவது குழாயடிக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற அடுத்த கவலைக்கு அதற்குள் போயிருந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

சாயங்காலம் அந்தக் குடும்பம் பாத்திரம் கழுவிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திருஞானசம்பந்தம் ஐயா ஒரு பழைய வேட்டித் துண்டை இரண்டாக மடித்து, வாளியின் வாயில் இழுத்துக் கட்டினார். சித்திமார் தட்டுகளை வழித்துக் கொடுக்க, பெரியம்மாமார் கழுவிக் கொடுக்க, வடிகட்டிய தண்ணீர் கண்ணாடி மாதிரி குழிக்குப் போனது. சாம்பார்ப் பருப்பு ஒன்று கீழே விழுந்ததற்கு ஐயா தன் தம்பியைத் திட்டினார். இவர்களை இங்கேயே தங்கவைத்துக்கொண்டால் என்ன என்று ஜான்சனிடம் கேட்டேன். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் ஜான்சன் காபிக்குப் பால் வாங்க பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போன வேகத்தில் பைக்கைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

"நதியா, வழி போச்சு" என்றார்.

நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கமலாட்சி அக்காவின் வாசலுக்கு நேரே, பாதையின் குறுக்கே வேலிகாத்தான் முள் இடுப்புயரத்துக்குக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் அக்கா அரிவாளோடு நின்றுகொண்டிருந்தாள். தலைமுடியைக்கூட அள்ளி முடிந்திருக்கவில்லை. முள்ளுக்கு இந்தப் பக்கம், அவள் முந்தின நாள் போட்ட கோலத்தின் மேல், செக்கச்செவேல் என்று மண் நனைந்து காய்ந்திருந்தது. நடுவில் ஒரு வெற்றிலை. அதன்மேல் எரிந்துபோன கற்பூரத்தின் கறுப்பு.

நான் மஹாலட்சுமி அம்மாளின் தாம்பாளத்தை நினைத்துக்கொண்டேன்.

"யாருடி வெச்சது இத?" என்றாள் அக்கா. "என் மாடு தலையீத்துடி, மொதக் கன்னு. விடியக்காலத்துலேருந்து நின்னுக்கினும் படுத்துக்கினும் தவிக்குது. வாசலத் தொறந்தா சேப்புத் தண்ணி, வெத்தலை, கற்பூரம். அமாவாசையும் அதுவுமா என் வாசல்ல யாருடி செய்வினை வெச்சது?"

உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வழியைப் பற்றித்தான் என் புத்தி முழுக்க ஓடியது. "வழியில போறவங்க யாராச்சும்..." என்று இழுத்தேன்.

"இந்த வழியில யாருடி போறாங்க? நான் போறேன், என் மாடு போவுது, உன் விருந்தாளி போறான். மாடா கற்பூரம் ஏத்திச்சு?"

அதற்குள் சத்தம் கேட்டு முகாமே திரண்டு வந்துவிட்டது. பல் துலக்கும் வாயோடு முத்துக்குமார், போர்வையோடு ஜீவிதா, அவர்களுக்குப் பின்னால் மஹாலட்சுமி அம்மாள். அவர் முள்ளைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எல்லோரையும் விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"நான்தாம்மா நேத்து இருட்டற நேரத்துல வந்து ஊத்தினேன்" என்றார். "செய்வினையெல்லாம் இல்லம்மா. சத்தியமா இல்ல. எம் புள்ளைக்கும் மருமவளுக்கும் ஆரத்தி எடுத்தேன். அந்தத் தண்ணிதாம்மா இது."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். அவ்வளவு சொல்லியும் கேட்காமல், இத்தனை நல்ல பிள்ளையாக வடிகட்டிக் காட்டிவிட்டு, என் முகாமுக்கே உலை வைத்துவிட்டாரே! ஆனால் கமலாட்சி அக்கா முந்திக்கொண்டாள். அவள் கத்தவில்லை. அரிவாளைக் கீழே இறக்கிவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்க புள்ளைக்குப் பட்ட கண்ண எடுத்து என் வாசல்ல எதுக்கும்மா ஊத்தினீங்க?"

"வாசல்னு தெரியலம்மா. வழின்னு நெனச்சுக்கினேன்."

"கோலம் இருக்குது. படல் இருக்குது. கொட்டாயில மாடு கத்துது. இவ்ளோ இருந்தும் வாசலாத் தெரியலியா உங்களுக்கு? நாலு பேர் மிதிக்கட்டும்னு ஊத்தறீங்க. அந்த நாலு பேர் யாரு? நானும் என் மாடும்தானே?"

எனக்கு அவமானமாக இருந்தது. எண்ணெய், சோப்பு நுரை, சோற்றுப் பருக்கை என்று நான் ஊரைக் கூட்டிப் பேசியிருக்கிறேனே தவிர, என் கல்யாண ஆரத்தித் தண்ணீரை யார் மிதித்தார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இன்னொரு பக்கம் கோபமும் பொங்கியது. எங்கள் ஜனங்களின் வாசல் மட்டும் ஏன் எல்லோருக்கும் வழியாகவே தெரிகிறது? அதைக் கேட்டுவிடலாம் என்று மஹாலட்சுமி அம்மாளைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது.

"தப்புதாம்மா" என்றார். "இத நான் யோசிக்கவே இல்ல. மன்னிச்சுக்கோ."

அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அந்தச் சிவந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தார். வெற்றிலையை எடுத்தார். கற்பூரக் கறுப்பை நகத்தால் சுரண்டினார். ஜீவிதா போர்வையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு பேசின் கொண்டுவந்து மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருமாக, வெறும் பழுப்பு மண் தெரியும் வரை அள்ளினார்கள். கமலாட்சி அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளை எடுக்கிற யோசனை அவள் முகத்தில் இல்லை.

அந்த நேரத்தில்தான் கொட்டகையிலிருந்து மாடு ஒரு கத்துக் கத்தியது. அக்கா அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினாள். "ஜான்சா, வாடா!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். ஜான்சன் முள்ளைத் தாண்டிக் குதித்தார். திருஞானசம்பந்தம் ஐயாவும் குதித்தார். ஐயாவின் வேட்டியில் பாதி முள்ளிலேயே தங்கிவிட்டது. மற்றவர்கள் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினோம்.

ஜான்சனுக்கு மாட்டு வைத்தியம் கொஞ்சம் தெரியும். கன்றின் முன்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. தலை வரவில்லை. மாடு மிரண்டுபோய் சுவரில் இடித்துக்கொண்டது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என் கண்ணு இல்ல, கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று அழுதாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏதாவது ஆகிவிட்டால் ஆரத்தித் தண்ணீரை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள், நானும் மறக்க முடியாது. மாதாவே என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஜான்சன் மாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், அவர் மடியில் வழவழ என்று ஒரு கன்று கிடந்தது.

"கெடேரி அக்கா!" என்று கத்தினார். "பொட்டக் கன்னு!"

வேன் கூட்டம் முழுக்கக் கை தட்டியது. கன்று எழுந்திருக்கப் பார்த்து விழுந்தது, மறுபடி எழுந்தது. ஜீவிதா வீடியோ எடுத்துக்கொண்டே அழுதாள். மாடு கன்றை நக்கத் தொடங்கியதும்தான் கமலாட்சி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களை எண்ணுவது போல ஒரு முறை பார்த்தாள்.

"இத்தினி பேரு கண்ணும் என் மாட்டு மேலதான் பட்டிருக்குது" என்றாள். பிறகு மஹாலட்சுமி அம்மாள் பக்கம் திரும்பினாள். "பாத்துக்கினே நிக்கறீங்களே. எடுங்கம்மா ஆரத்தி."

அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. தாம்பாளம் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் வந்தன. மாட்டுக்கும் கன்றுக்கும், நடுவில் உட்கார்ந்திருந்த ஜான்சனுக்கும் சேர்த்தே சுற்றினார்கள். மாடு வெற்றிலையைத் தின்னப் பார்த்தது. மாட்டின் நெற்றியிலும் கன்றின் நெற்றியிலும் பொட்டு வைத்தார்கள். எல்லாம் முடிந்து தாம்பாளத்தோடு நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எல்லோரும் அந்தச் சிவப்புத் தண்ணீரையே பார்த்தோம்.

"என்னா யோசனை?" என்றாள் கமலாட்சி அக்கா. "நேரா போயி உங்க டென்ட்டு வாசல்ல ஊத்துங்க. நாலு பேர் மிதிக்கட்டும்."

"ஆன்ட்டி!" என்று ஜீவிதா அலறினாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மஹாலட்சுமி அம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாதையைப் பார்த்தார். தோப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வாம்மா நதியா, உன் குழியக் காட்டு" என்றார். "அது ஒண்ணுதான் யாரு வாசலும் இல்ல."

போகும்போது தாம்பாளத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. பின்னாலேயே ஜீவிதா அந்தச் சிவந்த மண் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதையும் குழி ஓரத்தில் கொட்டினோம். கண் அங்கேயே குந்தியிருக்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது முத்துக்குமாரும் ஜான்சனும் முள்ளை இழுத்து ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காதான் சொல்லியிருக்கிறாள். "வேன் போவற அளவுக்குத் தொறங்கடா. நல்லா அகலமா" என்று உள்ளேயிருந்து அதட்டிக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு மேல் இன்றைக்கு எதையும் யாரிடமும் சொல்லக்கூடாது, வாயைக் கட்டிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்து எல்லோரையும் சந்தோஷமாக அனுப்பிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

கமலாட்சி அக்கா கையைக் கழுவி, மாட்டின் மடியைக் கழுவி, அழுக்கும் சோப்பும் கலந்த வாளியோடு வெளியே வந்தாள். நேராகத் தோப்பு வேலிக்குப் போனாள். மாட்டுக் கொட்டகையைக் கழுவுகிற தண்ணீரை அவள் எப்போதும் வேலிக்கு மேலே எங்கள் பக்கம்தான் வீசுவாள். அது எங்கள் கடைசிக் கூடாரத்துக்குப் பின்னால் போய் விழும். வழி அவளுடையது என்பதால் நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டால், கிராமத்து மணம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

வாளி தோளுக்கு மேலே போனது. அங்கேயே நின்றது. அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"குழி எங்கடி இருக்குது?" என்றாள்.

"சமையல் கொட்டாய்க்குப் பின்னாடி அக்கா."

வாளியைக் கீழே இறக்கி, இடுப்பில் இடித்துக்கொள்ளாமல் தள்ளிப் பிடித்தபடி தோப்புக்குள் நடந்தாள். அவள் என் பக்கத்தில் வந்து என்னைத் தாண்டிப் போகும்போது வாளியில் வைக்கோலும் சாணியும் மிதப்பது தெரிந்தது. முள் இன்னும் பாதை ஓரத்தில்தான் கிடந்தது. திரும்பவும் இழுத்துப் போட அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. சும்மா இரு நதியா, சும்மா இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அக்கா" என்றேன். "வடிகட்டிட்டுதான் ஊத்தணும்."

ஜான்சனின் கையிலிருந்த முள் கீழே விழுந்தது. அக்கா நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாளியை நங்கென்று தரையில் வைத்தாள்.

"துணி குடுடி" என்றாள்.